ஓவர்கிளாக் செய்ய 5000 ரூபாய்க்குள் நம்பகமான எஸ்எம்பிஎஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 புராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் கேபினெட்டோடு சேர்ந்து வந்தது. மேலே 500 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது.

புராசசரை ஓவர்கிளாக் செய்து, அதாவது எல்லா கோர்களிலும் வேகத்தை 4.3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, 1.3 வோல்ட் கொடுத்தேன். விண்டோஸில் பிரச்சினை இல்லை. கேம் திறந்து பத்து நிமிடத்தில் திரை கறுத்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று மட்டும் இருக்கிறது. வேகத்தைப் பழையபடி இறக்கினால் சரியாக ஓடுகிறது.

அடுத்த மாதம் மாமா மகன் தன்னுடைய ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கடையில் கேட்டேன். "வாட்ஸ் பத்தலைங்க, 750 போட்டுக்குங்க, 2200 ரூபாய்தான்" என்றார்கள். என்னால் 5000 வரை போட முடியும். 2200-க்கே 750 வாட்ஸ் கிடைக்கும்போது மற்றவர்கள் 5000 கொடுத்து 550 வாட்ஸ் வாங்கச் சொல்கிறார்களே, ஏன்? விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, கேபினெட்டின் பின்பக்கத் தகரத்தில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறது. இதுவும் எஸ்எம்பிஎஸ் கோளாறுதானா?

மின்சாரப்பூ

பழைய எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நொய்யல்கரை (திருப்பூர்)

3.3 வோல்ட்: 20 ஆம்பியர். 5 வோல்ட்: 22 ஆம்பியர். 12 வோல்ட்: 18 ஆம்பியர். உள்ளே வரும் மின்சாரம் 200-240 வோல்ட் என்று இருக்கிறது.

மின்சாரப்பூ

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த 18-லேயே இருக்கிறது. 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216. இன்றைய கணினியில் புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் மின்சாரம் எடுக்கின்றன. 3.3, 5 இரண்டும் ராம், எஸ்எஸ்டி, யுஎஸ்பி போன்ற சில்லறைச் செலவுக்கு. ஆகவே உங்கள் பெட்டி உங்களுக்குப் பயன்படும் விதத்தில் 216 வாட்ஸ் பெட்டிதான். 500 என்பது எல்லா வரிகளையும் கூட்டி, மேலே கொஞ்சம் சேர்த்துப் போட்ட எண்.

இப்போது செலவைப் பார்ப்போம். 3600-இன் டிடிபி (நிறுவனம் சொல்லும் அடிப்படை அளவு) 65 வாட்ஸ். சாதாரண நிலையில் சாக்கெட் வழியாக 88 வாட்ஸ் வரை எடுக்க ஏஎம்டி அனுமதிக்கிறது. நீங்களே வேகத்தையும் வோல்டேஜையும் கையால் பூட்டிவிட்டால் அந்த 88 என்ற வேலி இல்லை. கடும் வேலையில் 120-ஐத் தொடும். 1650 ஸ்லாட்டிலிருந்தே 75 வரை எடுக்கும். போர்டு, விசிறிகள், டிஸ்க் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 235. உங்கள் பெட்டி தரக்கூடியது 216. அதனால்தான் படுத்துவிடுகிறது.

ஓவர்கிளாக்கில் செலவு எப்படி ஏறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேகம் ஏறும் விகிதத்தில் செலவு ஏறும். வோல்டேஜ் ஏறினால் அதன் வர்க்கத்தில் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டில் இருந்த புராசசரை 4.6, 1.35-க்குக் கொண்டுபோனால் வேகம் 15 சதவீதம்தான் கூடுகிறது, செலவு ஏறக்குறைய 45 சதவீதம் கூடுகிறது. கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜைத் தள்ளிக்கொண்டே போவதுதான் எஸ்எம்பிஎஸ்ஸை அழ வைக்கும்.

3060 டிஐ வந்த பிறகு: கார்டு 200 வாட்ஸ், பவர் லிமிட்டை 10 சதவீதம் ஏற்றினால் 220. புராசசர் 130 என்று தாராளமாக வைப்போம். மற்றவை 50. மொத்தம் 400 வாட்ஸ். 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33 ஆம்பியர். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் உண்மையாகவே தருகிற 550 போதும். 650 கிடைத்தால் இன்னும் நிம்மதி.

ஊர்க்காவல்

நான் ஆறு வருடமாக உள்ளூர் பிராண்டு 450 வாட்ஸில்தான் ஓட்டுகிறேன். இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. யூடியூப்காரர்கள் பயமுறுத்தியே விலை உயர்ந்த பெட்டிகளை வாங்க வைக்கிறார்கள் என்பது என் கருத்து. தம்பி, ஓவர்கிளாக்கை விட்டுவிட்டு அந்தக் காசுக்கு ராம் வாங்கிப் போடுங்கள்.

பழுதுநீக்குபவன் (மதுரை)

ஊர்க்காவல் அண்ணா, உங்களுக்கு ஓடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினி 80, 90 வாட்ஸ்தான் எடுக்கும். அதற்கு அந்தப் பெட்டி தாங்கும். ஆனால் நான் 14 வருடமாக சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஓடாமல் போனவைதான் என்னிடம் வருகின்றன. அவற்றைத் திறந்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

மலிவுப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது காலி இடங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் சுருளும் கெப்பாசிட்டர்களும் இருக்க வேண்டும். போர்டில் அவற்றுக்கு இடம் அச்சிட்டிருக்கும், பொருள் இருக்காது. அதற்குப் பதில் ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பற்றவைத்திருப்பார்கள். இடி மின்னல் நேரத்தில் வரும் சர்ஜை விழுங்கும் நீலத் தட்டு எம்ஓவி இருக்காது. ஹீட்சிங்க் தகரம் விரல் நகம்போல மெல்லியதாக இருக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு பெயருக்குத்தான் இருக்கும்.

போன வருடம் ஒரு கல்லூரி மாணவி கணினியைக் கொண்டுவந்தார். எஸ்எம்பிஎஸ்ஸில் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் பகுதி கெட்டு, வோல்டேஜ் எகிறி, மதர்போர்டும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தே போய்விட்டன. கணினி அணைந்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அந்த 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஓவர்கிளாக் செய்யாதவர் அவர். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் முழுவதும் அந்த டிஸ்கில்தான் இருந்தது. எவ்வளவோ முயன்றும் என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து யார் கணினி வாங்கப் போனாலும் எஸ்எம்பிஎஸ் பற்றி நானே முந்திக்கொண்டு பேசுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும்.

ஊர்க்காவல்

சரி நண்பரே, ஸ்டாண்ட்பை விஷயம் எனக்குத் தெரியாது. என் கணினியிலும் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, உண்மைதான்.

சுட்டசிலிக்கான்

ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். ஓவர்கிளாக் நிலையாக நிற்காததற்கெல்லாம் எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்லக்கூடாது. புராசசருக்குப் போகும் 1.3 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் தருவதில்லை. 12 வோல்ட்டை வாங்கி 1.3 ஆக மாற்றித் தருவது மதர்போர்டில் இருக்கும் விஆர்எம். லோடில் அந்த 1.3 இறங்கி 1.24 ஆகிறது என்றால் அது போர்டின் குணம். பயாஸில் லோடு லைன் அமைப்பை (லோடில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்பதை முடிவுசெய்வது) ஒரு படி மாற்றிப் பார்க்க வேண்டும்.

எது யார் தவறு என்று ஓரளவு பிரிக்கலாம். நீலத் திரை வருகிறது, புரோகிராம் மட்டும் மூடிக்கொள்கிறது, பிரைம்95 என்ற புராசசர் சோதனை மென்பொருளில் ஒரு கோர் பிழை காட்டுகிறது என்றால் புராசசர் வோல்டேஜோ ராமோ காரணமாக இருக்கும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல், பிளக்கைப் பிடுங்கியதுபோல் பொட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள். கெர்னல் பவர் 41 என்பது 'முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனேன்' என்ற குறிப்பு மட்டுமே, காரணம் அதில் இருக்காது.

ஐம்பது, நூறு ரூபாய் கூடுதலானாலும் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் பழைய நான்கு முனை கனெக்டரில் சும்மா இருக்கும் ஒன்றில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்து அளந்து பாருங்கள். மஞ்சள்தான் 12 வோல்ட். ஏடிஎக்ஸ் (கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான தரநிலை) விதிப்படி 5 சதவீதம்வரை ஏற இறங்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. மென்பொருளில் தெரியும் 12 வோல்ட் கணக்கை நம்பாதீர்கள். என் போர்டில் அது 11.2 என்று காட்டும், மீட்டரில் 12.05.

நொய்யல்கரை (திருப்பூர்)

அண்ணன் கடையிலிருந்து மீட்டர் வாங்கி வந்து அளந்தேன். சும்மா இருக்கும்போது 11.92. ஓவர்கிளாக்கில் கேம் ஓடும்போது 11.26-க்கு இறங்கி, அப்புறம் அணைந்துவிட்டது. இரண்டு முறையும் இதே கதை.

எல்லோருக்கும் நன்றி. பழையது போதாது என்பதில் எனக்கு இனி சந்தேகம் இல்லை. புதியது வாங்கும்போது 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதுமா?

மின்சாரப்பூ

போதாது. 80 பிளஸ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது. 115 வோல்ட் சோதனையில் பிரான்ஸ் பாதி லோடில் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் காட்ட வேண்டும். அந்தச் சோதனை 23 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. சித்திரை வெயிலில் நம் மாடி அறைகளில் 23 டிகிரியை யார் பார்த்தது? 12 வோல்ட்டில் அலைச்சல் (ரிப்பிள், அதாவது வோல்டேஜின் வேகமான சிறு ஏற்ற இறக்கம்) எவ்வளவு, பாதுகாப்புகள் சரியான நேரத்தில் வேலை செய்கின்றனவா என்பதையெல்லாம் அந்த முத்திரை தொடுவதே இல்லை.

இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் உண்டு. ஜிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் இரண்டும் கோல்டு முத்திரை பெற்றவை. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற யூடியூப் சேனலின் சோதனையில் பல பெட்டிகள் வெடித்துச் செயலிழந்தன. 2021 ஆகஸ்டில் ஜிகாபைட் நிறுவனமே அறிக்கை வெளியிட்டு, அதிகச் சுமையில் அணைந்துகொள்ளும் எல்லையை 120-150 சதவீதத்திலிருந்து 110-120 சதவீதத்துக்குக் குறைத்ததாகச் சொன்னது. குறிப்பிட்ட சீரியல் எண்கள் உள்ளவற்றை மாற்றிக் கொடுக்கவும் முன்வந்தது. பெட்டி தன் எல்லையைத் தாண்டி இழுக்கவிட்டு, தன்னை அணைத்துக்கொள்ளத் தவறினால் கோல்டு முத்திரை காப்பாற்றாது.

ஆகவே சுதந்திரமான சோதனை அறிக்கையைத் தேடுங்கள். சைப்ரஸில் இருக்கும் சைபனெட்டிக்ஸ் ஆய்வகத்தின் தளத்தில் மாடல் வாரியாக அறிக்கைகள் இலவசமாகவே இருக்கின்றன. நம் 230 வோல்ட்டிலும் சோதிக்கிறார்கள். அதில் ரிப்பிள் என்ற பகுதிக்குப் போங்கள். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை ஏடிஎக்ஸ் விதி அனுமதிக்கிறது. நல்ல பட்ஜெட் பெட்டி முழு லோடிலும் அதில் பாதியைத் தாண்டாது. ஓவர்கிளாக்காரருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்லும் எண் இதுதான், ஏனென்றால் இந்த அலைச்சலைத்தான் விஆர்எம்மின் கெப்பாசிட்டர்கள் நாள் முழுக்கத் தாங்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், உள்ளே டிசி-டிசி முறையா, குரூப் ரெகுலேஷனா என்று பாருங்கள். குரூப் முறையில் 12-ம் 5-ம் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள்போல. உங்கள் கணினி 12-இல் மட்டும் ஓங்கி இழுக்கும். அப்போது 12 தாழும், 5 உயரும். டிசி-டிசியில் முதலில் எல்லாம் 12 ஆக மாறி, அதிலிருந்து 5-ம் 3.3-ம் தனியாகப் பிரியும். ஒரே பெயருக்குள் இரண்டும் இருக்கலாம். கோர்சேர் சிஎக்ஸ் வரிசையில் பச்சை எழுத்துக் காலத்துப் பெட்டிகள் குரூப் முறை. 2017-இல் வந்த சாம்பல் எழுத்துப் பெட்டிகள் டிசி-டிசி. பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பழைய சரக்கை வாங்கி வந்துவிடாதீர்கள்.

வைகறைவாசல்

850 வாட்ஸ் கோல்டாக எடுத்துவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லையே. கரண்ட் பில்லும் குறையும். ஏன் யாரும் சொல்லவில்லை?

மின்சாரப்பூ

கணக்குப் போட்டுப் பாருங்கள் நண்பரே. 300 வாட்ஸ் வேலைக்கு பிரான்ஸ் சுவரிலிருந்து 353 வாட்ஸ் எடுக்கும், கோல்டு 333. வித்தியாசம் 20. தினம் 4 மணி நேரம் விளையாடினால் வருடத்துக்கு 29 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 175 ரூபாய். அவர் பட்ஜெட் 5000. கோல்டுக்கான கூடுதல் பணம் திரும்பிவர வெகுகாலம் பிடிக்கும். நல்ல கோல்டு கையில் காசு இருக்கும்போது வாங்கலாம், சத்தமும் சூடும் குறையும். இவருக்கு இப்போது தேவையில்லை.

தாமிரக்கம்பி (தஞ்சாவூர் பக்கம்)

நம் ஊர் லைனைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் கிராமத்தில் இருந்து வேலை பார்க்கிறவள். மாலை மோட்டார் போடும் நேரத்தில் எங்கள் வீட்டில் 175 வோல்ட்தான் வரும். நொய்யல்கரை, உங்கள் பழைய பெட்டியில் 200-240 என்று இருக்கிறது அல்லவா, அதை முதலில் தவிருங்கள். ஸ்டிக்கரில் 100-240 என்று இருப்பதை வாங்குங்கள். சில நிறுவனங்கள் ஒரே மாடலை 230 வோல்ட் மட்டும், ஃபுல் ரேஞ்ச் என்று இரண்டு விதமாக விற்கின்றன. இரண்டாவதில் ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து மின்சாரத்தைச் சீராக எடுக்கும் சுற்று) இருக்கும். லோ வோல்டேஜில் கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சமாளித்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் விஷயமும் முக்கியம். கரண்ட் போன நொடியிலிருந்து எஸ்எம்பிஎஸ் தன் உள்ளே சேர்த்துவைத்ததை வைத்து எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஹோல்டப் டைம் என்று பெயர். முழு லோடில் 16 மில்லிசெகண்ட் என்பது நெடுநாள் ஏடிஎக்ஸ் அளவு. நம் மின்சாரத்தில் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட், அவ்வளவு சின்ன இடைவெளி. வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஆக்டிவ் பிஎஃப்சி பெட்டி சில சமயம் ஒத்துப்போகாது. கணினி அணையும் அல்லது உறுமும். சைன் வேவ்தான் நல்லது. எனக்கு இது புரிவதற்குள் இரண்டு எஸ்எஸ்டி போய்விட்டது.

பழுதுநீக்குபவன் (மதுரை)

சகோதரி சொன்னதோடு அந்த ஷாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி, அது எஸ்எம்பிஎஸ் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. எர்த் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் போகும், இரைச்சலை எர்த்துக்கு இறக்குவதற்காக. எர்த் அறுந்திருந்தால் அந்தத் தகரம் பாதி வோல்டேஜில், ஏறக்குறைய 115-இல் மிதக்கும். மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனால் உண்மையான கசிவு நடந்தால் உங்களைக் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. நல்ல பெட்டியில் இந்த வடிகட்டி முழுமையாக இருப்பதால் புதியதில் இன்னும் பலமாகச் சுருக்கென்று தெரியும். புதுப்பெட்டி மோசம் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒயர்மேனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 230 வர வேண்டும்.

இன்னும் இரண்டு. 3060 டிஐ-க்கு 8 முனை கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். சாட்டாவிலிருந்து (டிஸ்குக்குப் போகும் கனெக்டர்) மாற்றும் ஒயரை 60 ரூபாய்க்குக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று முனை, ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட்ஸ். 8 முனை 150 வாட்ஸ் கேட்கும். உருகிய பிளாஸ்டிக்கை நான் பல தடவை கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறேன். அடுத்தது, கழற்றி மாட்டும் மாடுலர் பெட்டி என்றால் அதனோடு வந்த ஒயரை மட்டுமே பயன்படுத்துங்கள். பெட்டிப் பக்க முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறு பெட்டியின் ஒயர் கச்சிதமாக உட்காரும். டிஸ்குக்கு 5 போக வேண்டிய இடத்தில் 12 போகும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

பட்டியல் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்: 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், டிசி-டிசி, 100-240, ஐந்து வருட வாரண்டி, சோதனை அறிக்கை இருக்கிற மாடல். 2200 ரூபாய் 750 வாட்ஸ் பெட்டியின் ஸ்டிக்கரையும் காட்டச் சொன்னேன். 12 வோல்ட்டுக்கு 24 ஆம்பியர். கடைக்காரரும் குனிந்து பார்த்தார். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றார்.

கடைசியில் கோர்சேர் சிஎக்ஸ்550, சாம்பல் எழுத்து, பட்ஜெட்டுக்குள் கிடைத்தது. பில்லில் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

சுட்டசிலிக்கான்

நல்ல தேர்வு. அளந்து எண்களைப் போடுங்கள். கார்டு வந்ததும் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் பவர் சோதனையை அரை மணி நேரம் ஓட்டுங்கள், மதியம் அறை சூடாக இருக்கும்போது.

நொய்யல்கரை (திருப்பூர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 3060 டிஐ வந்து மாட்டியாகிவிட்டது. சும்மா இருக்கும்போது 12.08. ஓசிசிடி பவர் சோதனையில், மதியம் இரண்டு மணிக்கு, 11.97. அரை மணி நேரம் நின்றது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வைத்துவிட்டு, கேம் ஓடும்போது மெயினை அணைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

4.3 கிகாஹெர்ட்ஸ் மட்டும் நிற்கவில்லை, பிரைம்95-இல் ஒரு கோர் பிழை காட்டியது. இந்தத் தடவை பொட்டென்று அணையவில்லை, பிழைதான் வந்தது. சுட்டசிலிக்கான் அண்ணன் சொன்ன வித்தியாசம் புரிந்தது. 4.25-க்கு இறக்கி 1.28 வோல்ட் வைத்திருக்கிறேன். அதில் எட்டு மணி நேரம் ஓடிவிட்டது.

எர்த் பற்றி: ஒயர்மேன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. மீட்டர் பெட்டிவரை எர்த் வந்திருக்கிறது, எங்கள் அறைக்கு இழுக்கவே இல்லை. இப்போது பேஸுக்கும் எர்த்துக்கும் 228 காட்டுகிறது. கேபினெட்டில் வெறுங்கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதே சுவரில் அந்தப் பக்கம் அம்மாவின் கிரைண்டர் பிளக் இருக்கிறது. அதற்கும் சேர்த்தே இழுத்துவிட்டோம்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தங்கையின் கணினிக்குப் போடலாமா? அதில் கிராபிக்ஸ் கார்டு இல்லை.

பழுதுநீக்குபவன் (மதுரை)

வேண்டாம் தம்பி. லோடில் 11.26-க்கு இறங்கிய பெட்டி அது, பலமுறை எல்லை தாண்டி அடி வாங்கியது. தங்கையின் கணினியில் இப்போது என்ன எஸ்எம்பிஎஸ் இருக்கிறது? அதன் ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.